ஒன்பது என்று எழுதினேன்

கொடி முக்கால் கம்பத்தில் நின்றுவிட்டது.

கயிறு உருளையில் சிக்கிக்கொண்டது. பஞ்சாயத்துத் தலைவர் இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. வசந்தா டீச்சர் இழுத்துப் பார்த்தார். கடைசியில் சத்துணவு சமைக்கும் ராமலட்சுமி முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து ஓங்கி ஒரு சுண்டு சுண்டினார். கொடி மேலே போய் விரிந்தது. உள்ளே வைத்துக் கட்டியிருந்த செவ்வந்திப் பூவெல்லாம் தலைவரின் வழுக்கையில் கொட்டியது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

சிரித்த பிள்ளைகளை எண்ணினேன். ஒன்பது.

பிறகு மிட்டாய். வசந்தா டீச்சர் சங்கரன்கோவிலிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். வரும்போது ஆரஞ்சு மிட்டாய் வாங்கி வந்திருந்தார். எவர்சில்வர் தட்டில் பன்னிரண்டு இருந்தன. ஒன்பது கைகள் நீண்டு, ஒன்பது வாய்கள் உப்பின. தட்டில் மூன்று மிஞ்சின. டீச்சர் அவற்றைப் பேப்பரில் சுருட்டி மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

“இது யாருக்கு டீச்சர்?” என்று கேட்டேன்.

“ஆட்டுக் கிடைக்குப் போயிருக்கிற பிள்ளைகளுக்கு சார். வந்ததும் கேப்பாங்க.”

அன்று குடியரசு தினம். பதினோரு மணிக்கு அதே பள்ளிக்கூட வாசலில் கிராம சபை கூட இருந்தது. பேசப்போகிற விஷயம் ஒன்றே ஒன்று: இந்தப் பள்ளிக்கூடத்தை மூடுவதா, வைத்திருப்பதா.

நான் எட்டே காலுக்கே வந்துவிட்டேன். “பதினோரு மணிக் கூட்டத்துக்கு இப்பமே போயி பெஞ்சித் தொடைக்கப் போறியளா?” என்று என் மனைவி கேட்டாள். பிந்திப் போனால் உட்கார இடம் கிடைக்காது, வெயிலில் நிற்க வேண்டும், எனக்கு ரத்தக் கொதிப்பு, மாத்திரை இரண்டு. இதையெல்லாம் அவளிடம் விளக்கவில்லை.

எண்கள் எதற்கு

இந்தத் தொடர் தொடங்கி இது இருபத்து மூன்றாவது வாரம். ஒரு வாசகி எழுதியிருந்தார்: “உங்கள் நினைவுகளில் மனிதர்களைவிட எண்கள் அதிகம் வருகின்றன.” அந்தக் கடிதம் பதினொரு வரி. அதில் ஏழாவது வரி இது.

அவர் சொல்வது சரிதான். தாலுகா ஆபீசில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். படிக்கட்டில் ஏறினால் படியை எண்ணுவேன், கல்யாண வீட்டில் பந்தியை எண்ணுவேன். ஓய்வு பெற்று இந்த ஊரில் வீடு கட்டிய பிறகும் பழக்கம் போகவில்லை. ஊர் சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடி போகும் பக்கம், மெயின் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. காலையில் ரோட்டுக்கு நடந்து போகும்போது மஞ்சள் வேன்களை எண்ணுவேன். எங்கள் ஊருக்குள் மட்டும் மூன்று வேன்கள் வந்து, இருபத்தாறு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு டவுனில் இருக்கும் இங்கிலீஷ் பள்ளிக்கூடங்களுக்குப் போகின்றன. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக்கு மிச்சம் இருந்தவர்கள், பதிவேட்டின்படி, பன்னிரண்டு பேர்.

அந்தப் பன்னிரண்டில் மூன்று பேர் கிடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். தை பிறந்ததும் மாடசாமியும் அவர் தம்பியும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ராயகிரிப் பக்கம் போய்விடுவார்கள். அறுத்த வயலில் ஆடுகளை அடைத்துப் போட்டால் வயலுக்கு உரம். வயல் வயலாக நகர்ந்து வைகாசியில்தான் ஊர் திரும்புவார்கள். மாடசாமிக்கு மனைவி இல்லை. மகள் பேச்சி நாலாம் வகுப்பு. அவளை விட்டுப்போக ஆள் கிடையாது, கூடவே கூட்டிப்போவார். தம்பியின் பையன்கள் இருவரும் அப்படியே.

வசந்தா டீச்சர் அந்த மூன்று பெயர்களையும் அடிப்பதில்லை. திரும்பி வந்த அன்றே பிள்ளைகள் தங்கள் இடத்தில் வந்து உட்காருவார்கள். விட்டுப்போன பாடத்தை டீச்சர் சாயங்காலம் உட்கார்த்திவைத்துச் சொல்லித் தருவார். பதினொரு வருஷமாக நடந்து வந்தது இது.

பொங்கல் கழிந்த வாரத்தில் அந்த ஆட்டு மந்தை என் வீட்டைத் தாண்டித்தான் போனது. பேச்சி கடைசியாக நடந்தாள். தலையில் ஒரு அலுமினியச் சட்டி, அதற்குள் பள்ளிக்கூடப் பை. நான் பார்த்தேன். தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

செவலைக் கிடா

மாடசாமியின் அப்பா சுடலைமுத்துவையும் எனக்குத் தெரியும். வேலையில் சேர்ந்த புதிதில் ஆடு மாடு கணக்கெடுக்கிற வேலைக்கு என்னையும் அனுப்பினார்கள். சைக்கிளில் போய் ஓடைக்கரையில் அவரைப் பிடித்தேன்.

“எத்தனை ஆடு இருக்கு?”

“எண்ணக்கூடாது தம்பி. எண்ணுனா குறையும்.”

“அப்ப ஒண்ணு தொலைஞ்சா எப்படித் தெரியும்?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “உங்க வீட்ல எத்தன பேரு?”

“ஆறு பேரு.”

“ராத்திரி ஒருத்தன் சாப்பிட வரலைன்னா, எண்ணிப் பாத்தா கண்டுபிடிப்பிய?”

எனக்கு எரிச்சல். பட்டியின் படலை ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் திறக்கச் சொல்லி, வெளியே வரவர நானே எண்ணினேன். நூற்று முப்பத்தேழு. சுடலைமுத்து மந்தையை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான். “செவலக் கிடாயக் காணோம். ஓடைக்குள்ள நிக்கும். அதையும் சேத்து எழுதிக்கிடுங்க.”

“கண்ணால பார்க்காததை எழுத முடியாது.”

“அப்ப நான் இப்பம் தேடப் போறது யாரு ஆடு தம்பி?”

நூற்று முப்பத்தேழு என்று எழுதிக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். ஆபீசில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். “இப்படித்தான் இருக்கணும்” என்று மேலதிகாரி என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டை நான் வெகுகாலம் வைத்திருந்தேன்.

சபை

பதினொன்று என்று போட்ட கூட்டம் பதினொன்று ஐம்பதுக்குத் தொடங்கியது. சாமியானா பந்தலுக்குக் கீழே அறுபத்தொரு பேர். பெண்கள் முப்பத்தெட்டு. பந்தலில் இரண்டு ஓட்டைகள். ஒரு ஓட்டை வழியாக வெயில் சரியாக என் முழங்காலில் விழுந்தது.

வட்டாரக் கல்வி ஆபீசிலிருந்து ஓர் அலுவலர் வந்திருந்தார். சின்ன வயது. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாகப் பேசினார். பத்துப் பிள்ளைகளுக்குக் கீழே இருக்கிற பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்க்க யோசனை இருக்கிறது, ஊர் என்ன நினைக்கிறது என்று கேட்டு எழுத வந்திருக்கிறேன் என்றார்.

“மூடப்போறதில்லைங்க. இணைக்கிறோம்.”

ராமலட்சுமி சமையல் கூடத்து வாசலில் நின்றுகொண்டே கேட்டார்: “கதவுல பூட்டுப் போடுவியளா, மாட்டியளா சார்?”

“பூட்டுவோம்.”

“அப்ப அது மூடுததுதான. பூட்டுக்கு இணைப்புன்னு பேரு வச்சிருக்கியளோ?”

சிரிப்பு எழுந்தது. அலுவலரும் சிரித்துவிட்டார். ஆனால் அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரே டீச்சர், ஒரே அறை, ஐந்து வகுப்பு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியில் மூன்று டீச்சர்கள், தண்ணீர் வருகிற கழிப்பறை, ஓடு ஒழுகாத கட்டிடம். இங்கே கூரையில் பதினான்கு ஓடுகள் உடைந்திருந்தன. அதை நான்தான் இரண்டு தடவை மனுவாக எழுதினேன்.

“அதத்தான் நானும் சொல்லுதேன்” என்று ஒரு விவசாயி எழுந்தார். “நாலு பிள்ளைய வச்சுக்கிட்டு எதுக்குவே ஒரு பள்ளிக்கூடம்? அங்கன போனா நல்லாப் படிக்கும்லா.”

“ரோட்டத் தாண்டணுமே” என்றாள் ஒரு தாய். “கல்லு லாரி வாரதப் பாத்தியளா? நாமளே ரெண்டு தடவ யோசிச்சுத்தான் கால எடுத்து வைக்கோம்.”

தலைவர் எழுந்து, பள்ளிக்கூடம் ஊரின் மானம், அதை விடமாட்டோம் என்று முழங்கினார். ராமலட்சுமி விடவில்லை. “தலைவரே, உங்க பேரன் எந்த வேன்ல போறான்? மொத வேனா, ரெண்டாவது வேனா?”

தலைவர் தலையில் இன்னும் ஒரு செவ்வந்தி இதழ் ஒட்டியிருந்தது. “மருமவ இங்கிலீஷ்தான் வேணும்னு நிக்கா. நான் என்ன செய்ய?” என்று உட்கார்ந்துவிட்டார். இருபத்தாறு பிள்ளைகளின் பெற்றோரில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள்.

கை தூக்கச் சொன்னார்கள். மூடக்கூடாது என்று ஐம்பத்திரண்டு கைகள். மூடலாம் என்று நான்கு. ஐந்து பேர் எதற்கும் தூக்கவில்லை. ஊர் ஜெயித்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

தீர்மானம்

“அண்ணாச்சி எழுத்துதான் முத்து முத்தா இருக்கும். எழுதிருங்க” என்று தலைவர் தீர்மான நோட்டை என் பக்கம் தள்ளினார். எனக்கு அது பிடிக்கும். மறைப்பானேன். சட்டைப் பையில் அதற்கென்றே மைப் பேனா வைத்திருந்தேன்.

நான் எழுத எழுத, அடுத்த பக்கத்தில் கையெழுத்து வாங்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் ஊர் வழக்கம் அது. உலை வைக்கப் போகவேண்டும், ஆட்டுக்குத் தண்ணீர் காட்டவேண்டும். எழுதி முடித்து வாசித்துக் கேட்டுக் கையெழுத்துப் போட யாரும் நிற்பதில்லை. அண்ணாச்சி எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று போட்டுவிட்டுப் போனார்கள்.

பிள்ளைகளின் எண்ணிக்கை வருகிற இடத்தில் பேனா நின்றது. அலுவலர் குனிந்து பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “எண்ணிக்கை போடணும்னு கட்டாயம் இல்ல சார். பொதுவா எழுதிடுங்க.”

“எண்ணிக்கை இல்லாம நான் ஒரு மனு எழுதுனதில்ல தம்பி.”

“அப்ப பன்னிரண்டுன்னு போடுங்க சார்” என்றார் வசந்தா டீச்சர். “பதிவேட்டில் இருக்கு.”

“பதிவேட்டில் இருக்கலாம் டீச்சர். காலையில நான் எண்ணினது ஒன்பது.”

“மூணு மிட்டாய் மிஞ்சினதையும் பார்த்தீங்களே சார்.”

“மிட்டாய் பிள்ளையாகுமா?”

டீச்சர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பிள்ளைகளின் தட்டுகளை அடுக்கப் போய்விட்டார்.

‘தற்சமயம் ஒன்பது மாணவ மாணவியர் பயின்று வரும் மேற்படி பள்ளியை எக்காரணம் கொண்டும் மூடக்கூடாது’ என்று எழுதினேன். இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். விட்டுப்போன ஒற்று ஒன்றைச் சேர்த்தேன். அலுவலர் நோட்டை வாங்கிப் படித்தார். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

சித்திரையில் உத்தரவு வந்தது. ஒன்றரைப் பக்கம். கிராம சபைத் தீர்மானத்திலேயே மாணவர் எண்ணிக்கை ஒன்பது எனக் குறிப்பிடப்பட்டுள்ளதால், பள்ளி பக்கத்துப் பள்ளியுடன் இணைக்கப்படுகிறது. ஒன்பது பிள்ளைகளும் போய்வர ஓர் ஆட்டோ ஏற்பாடு செய்யப்படும்.

தலைவர் அதை வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார். “உங்க எழுத்த அப்பிடியே எடுத்துப் போட்டிருக்காவ அண்ணாச்சி” என்றார். பெருமையாகச் சொன்னாரா, குத்திச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பன்னிரண்டு என்று எழுதியிருந்தால் பள்ளி பிழைத்திருக்குமா? தெரியாது. இன்னும் ஒரு வருஷம் ஓடியிருக்கலாம். ஒரு வருஷம் என்றால் பேச்சி ஐந்தாம் வகுப்பை முடித்திருப்பாள். இதை எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்பதை மட்டும் நான் எண்ணவில்லை.

இழுப்பறை

பள்ளியைப் பூட்டும் நாளில் பொருள்களைப் பட்டியல் எடுக்க வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

பெஞ்சு ஆறு. கரும்பலகை இரண்டு. உலக உருண்டை ஒன்று, தென் பாதி நசுங்கியது. சோற்றுத் தட்டு பதினெட்டு. மணி ஒன்று. மணியை இறக்கியபோது அதன் நாக்கு லேசாக இடித்து, இடைவேளைக்கு அடிப்பதுபோல் ஒரு தடவை ஒலித்தது. வெளியே நின்ற நாய் நிமிர்ந்து பார்த்தது. மத்தியானம் தட்டு கழுவுகிற நேரத்துக்கு வந்து நிற்கிற நாய் அது.

வசந்தா டீச்சருக்குத் திருவேங்கடம் பக்கம் மாறுதல் வந்திருந்தது. அவர் மேசையை ஒழித்தபோது இழுப்பறையின் மூலையில் பேப்பர் சுருள் கிடைத்தது. மூன்று ஆரஞ்சு மிட்டாய்களும் உருகி ஒரே கட்டியாகிப் பேப்பரோடு ஒட்டியிருந்தன. எறும்பு ஓரமாகத் தின்றிருந்தது.

டீச்சர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எங்கே போடுவது என்று தெரியவில்லை போல.

ராமலட்சுமி என் பக்கம் திரும்பினார். அவருக்கும் அன்றோடு அந்த அடுப்படி முடிந்தது. “இதையும் எழுதிக்கிடுங்க அண்ணாச்சி. மூணு. இதாவது கண்ணுக்குத் தெரியுதா?”

நான் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர், “விடுங்க ராமலட்சுமி” என்று மட்டும் சொன்னார். என் மீது கோபம் இருந்தால்கூட ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் குரலில் கோபம் இல்லை.

பத்தாவது இடம்

வைகாசிக் கடைசியில் ஆடுகள் ஊர் திரும்பின. தம்பியின் பையன்கள் இருவரையும் ராயகிரியில் அவர்கள் அம்மா பிறந்த வீட்டில் விட்டுவிட்டார்கள். அங்கேயே படிக்கிறார்கள். பேச்சி மட்டும் அப்பாவோடு வந்தாள்.

மாடசாமி அவளைக் கூட்டிக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கப் பள்ளிக்குப் போனார். அங்கே இருந்த தலைமை ஆசிரியை நல்லவர், அன்றே பெயரை எழுதிக்கொண்டார். சிக்கல் ஆட்டோவில் வந்தது.

“ஆர்டர்ல ஒம்பது பேருன்னுதான் போட்டிருக்கு” என்றான் ஆட்டோக்காரன். “இப்பமே நாலு பிள்ள மடியில உக்காருது. பத்தாவதா எங்கன ஏத்த?” அவனைக் குறை சொல்ல முடியாது. நானே எட்டிப் பார்த்தேன். இடமில்லை.

இரண்டே கால் கிலோமீட்டர். நடுவில் மெயின் ரோடு. முதல் வாரம் மாடசாமி கூடவே நடந்து கொண்டுவிட்டார். ஐந்து நாள். ஆறாவது நாள் அவர் இல்லாத நேரத்தில் ஆடுகள் யாரோ ஒருவரின் உளுந்து வயலில் இறங்கிவிட்டன. அந்த வம்பு தீரவே மூன்று நாளானது. அதற்கப்புறம் பேச்சி போகவில்லை.

ஆனி மாதம் ஒரு காலை. சாரல் இல்லாத வெறும் காற்று, மண்ணை வாரி முகத்தில் இறைத்தது. காலை நடையில் நான் எப்போதும் பள்ளிக்கூடத்து கேட் வரை போய்த்தான் திரும்புவேன். அன்று கேட்டில் நின்றபோது பின்னால் ஆட்டுச் சத்தம்.

“என்ன அண்ணாச்சி, பூட்ட எண்ணுதியளா?” மாடசாமி சிரித்தார். அவர் அப்பா முகம் அப்படியே. மந்தையின் வாலில் பேச்சி, கையில் ஒரு குட்டி.

“பேச்சி பள்ளிக்கூடம் போகலையா?”

“பேரு அங்கன இருக்கு அண்ணாச்சி. புள்ள இங்கன இருக்கா.”

சொல்லிவிட்டு அவர் பூட்டைப் பார்த்தார். “முன்னயெல்லாம் பேரும் இங்கனதான் இருக்கும். எப்ப வந்தாலும் டீச்சரு உக்காரச் சொல்லும். அன்னைக்கு நான் ஊர்ல இல்லாமப் போயிட்டேன். நீங்க இருந்திருப்பியள்லா? படிச்சவுக. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?”

நான் எழுதியதை அவருக்கு யாரும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சொல்லாமல் நான் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

“சொன்னேன் மாடசாமி. தீர்மானத்த எழுதுனதே நாந்தான்.”

“என்னன்னு எழுதுனிய?”

“ஒம்பது பிள்ளைக படிக்குது, மூடக்கூடாதுன்னு எழுதுனேன்.”

மாடசாமி கம்பை ஊன்றி அதன்மேல் தாடையை வைத்துக்கொண்டார். வாய்க்குள் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். எண்கள் இல்லை, பெயர்கள். முத்துலட்சுமி மகன், தச்சு வீட்டுப் பிள்ளை ரெண்டும், தண்ணித் தொட்டிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை… விரலை மடக்காமல் தெருத் தெருவாகப் போனார். அவர் நிறுத்தும்போது சரியாக ஒன்பது வந்திருந்தது. அதை நான்தான் எண்ணினேன்.

பிறகு என்னைப் பார்த்தார்.

“எம்புள்ள?”

அவர் சத்தம் போடவில்லை. கணக்கில் எங்கேயாவது விட்டுப்போயிருக்கும், நான் எடுத்துக் காட்டிவிடுவேன் என்று நினைப்பதுபோல் கேட்டார். நான் பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காற்றில் அதன் மேல் அப்பியிருந்த மண் என் கையில் ஒட்டியது.

மாடசாமி மந்தைப் பக்கம் திரும்பி ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான்.

“ஏட்டி பேச்சி, மயிலைய எங்க?”

பேச்சி கையிலிருந்த குட்டியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு ஓடையைப் பார்த்து ஓடினாள். உள்ளே இறங்கியதும் அவள் தலை மறைந்தது. ஆட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் மட்டும் காற்றில் வந்துகொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்தில் மணி அடித்திருக்குமா என்று கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது மணி இருபது நிமிஷம்.